முதல் ஐரோப்பியப் பயணம்: ஷெங்கனா, லண்டனா, பால்கனா?

கோடை விடுமுறைக்கு ஐரோப்பா என்று வீட்டில் முடிவானதும் டிராவல் ஏஜென்ட்டிடம் போய்க் கேட்கும் முதல் கேள்வி, "எந்த நாட்டு விசா சுலபமாக் கிடைக்கும்?" என்பதுதான். பல நிராகரிப்புகளுக்கு விதை அங்கேயே விழுந்துவிடுகிறது. சுலபமான நாடு என்று ஒன்றைப் பிடித்து, அதற்கேற்ப ஹோட்டல் புக்கிங்கை வளைத்து, உண்மையில் சுற்றப்போகும் ஊர்களை மறைத்து எழுதிய ஃபைல், அதைப் படித்தே பழகிய அதிகாரியிடம் சீக்கிரம் பிடிபடும். கேட்க வேண்டியவை வேறு. யார் யார் போகிறீர்கள்? எத்தனை இரவு, எந்த ஊரில்? உறவினர் வீட்டிலா, ஹோட்டலிலா? பாஸ்போர்ட்டில் ஏற்கெனவே ஏதாவது விசா உயிரோடு இருக்கிறதா? இந்த நான்குக்கும் பதில் எழுதிவிட்டால் எந்த விசா என்பது பெரும்பாலும் தானாகவே தெரிந்துவிடும்.

இந்திய பாஸ்போர்ட்டுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஒரே விசா. பல்கேரியாவும் ருமேனியாவும் 2025 ஜனவரி 1 அன்று முழுமையாகச் சேர்ந்த பிறகு 29 நாடுகளுக்கு இந்த ஒரு ஸ்டிக்கர் செல்லும். இரண்டாவது பிரிட்டனின் விசிட்டர் விசா. மூன்றாவது, வேறொரு பெரிய நாட்டின் விசாவைக் காட்டி உள்ளே விடும் செர்பியா, அல்பேனியா, மான்டினீக்ரோ போன்ற பால்கன் பகுதி நாடுகள். அயர்லாந்தும் சைப்ரஸும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் ஷெங்கனில் இல்லை. இந்தக் குழப்பம் டிக்கெட் போட்ட பிறகுதான் பலருக்குத் தெரியவருகிறது.

கட்டணத்தை முதலில் பார்த்துவிடுவோம், எல்லோரும் அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். ஷெங்கன் கட்டணம் 2024 ஜூன் 11 முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு 45 யூரோ, 6 வயதுக்குக் கீழ் இலவசம். பிரிட்டனின் 6 மாத விசா 2025 ஏப்ரல் திருத்தத்தின்படி 127 பவுண்டாக இருந்தது, கைக்குழந்தைக்கும் அதே தொகை. கணவன், மனைவி, 10 வயதுப் பெண், 4 வயதுப் பையன் என்று நால்வர் போனால் ஷெங்கனுக்கு 225 யூரோ, பிரிட்டனுக்கு அந்தக் கட்டணத்தில் 508 பவுண்டு. ஷெங்கன் பக்கம் விசா மையத்தின் சேவைக் கட்டணமும் இன்ஷூரன்ஸும் கூடும். அப்படியும் சிறு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு ஷெங்கன்தான் மலிவு. பிரிட்டன் கட்டணம் ஏப்ரல் வாக்கில் ஏறுவது வழக்கம் என்பதால், பணம் கட்டும் அன்று அரசுத் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் விசா மறுக்கப்பட்டால் பணம் திரும்பாது. அதனால் 90-க்கும் 127-க்கும் உள்ள வித்தியாசத்தை விட, எந்த ஃபைலை உங்களால் உறுதியாக நிறுத்த முடியும் என்பதுதான் பெரிய கணக்கு.

ஷெங்கன்: எந்தத் தூதரகம் என்பது உங்கள் விருப்பம் அல்ல

எந்த நாட்டில் அதிக இரவுகளோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். பாரிஸில் 3, சுவிட்சர்லாந்தில் 4, இத்தாலியில் 3 இரவு என்றால் அது சுவிஸ் விண்ணப்பம். ஃப்ராங்க்ஃபர்ட்டில் இறங்கி விமானம் மாறுவதாலேயே அது ஜெர்மனி விண்ணப்பம் ஆகிவிடாது. இரவுகள் சமமாக வந்தால், முதலில் எந்த நாட்டு எல்லை வழியே ஷெங்கனுக்குள் நுழைகிறீர்களோ அந்த நாடு. சமக் கணக்கில் வாதம் கிளம்ப இடம் உண்டு. விமானம் மாறும் நாடும் நுழையும் நாடுதானே என்று கவுண்டரில் கேட்பார்கள். ஒரு நாட்டில் ஒரு இரவைக் கூட்டிப் போட்டுவிட்டால் அந்தப் பேச்சே எழாது.

சுவிஸ் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவில்லை என்று வேறு நாட்டில் விசா வாங்கி, அந்த நாட்டுக்கே போகாமல் சுவிஸ் சுற்றி வருபவர்கள் உண்டு. ஸ்டிக்கர் சட்டப்படி 29 நாட்டுக்கும் செல்லும்தான். ஆனால் இறங்கும் இடத்தில் "முதல் இரவு எங்கே? ஹோட்டல் பேப்பர் காட்டுங்கள்" என்று கேட்டால், விசா வாங்கியபோது கொடுத்த பயணத் திட்டமும் கையில் இருப்பதும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் விசாவையே ரத்து செய்ய அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

இதற்கு மருந்து, நேரத்தோடு தொடங்குவது. பயணத் தேதிக்கு 6 மாதம் முன்பிருந்து 15 நாள் முன்புவரை ஷெங்கன் விண்ணப்பம் போடலாம். மே 1 அன்று கிளம்புவதானால் நவம்பர் 1 முதலே வழி திறந்திருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டுப் பள்ளிப் பரீட்சை முடியும் தேதி தெரிந்த பிறகு, மார்ச்சில்தான் பலர் விழிக்கிறார்கள். அப்போது சென்னை மையங்களில் ஸ்லாட் இருக்காது. முடிவு சொல்ல விதிப்படி 15 நாள், கூடுதல் விசாரணை என்றால் 45 நாள்வரை போகும். பரீட்சைத் தேதி வராவிட்டாலும் மே இரண்டாவது வாரம் என்று வைத்து ஜனவரியிலேயே போட்டுவிடுவது நல்லது.

பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும், ஷெங்கனை விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகும் 3 மாதம் உயிரோடு இருக்க வேண்டும், 2 பக்கமாவது காலியாக இருக்க வேண்டும். பிள்ளைகளின் பாஸ்போர்ட் 5 ஆண்டில் முடிவதை மறந்து போய் நிற்பவர்கள் அதிகம். புகைப்படம் 35×45 மில்லிமீட்டர், வெளிர்நிறப் பின்னணி. அமெரிக்க விசாவுக்கு எடுத்த சதுரப் படம் இங்கே எடுபடாது. கைரேகை ஒருமுறை கொடுத்தால் 59 மாதத்துக்குள் மீண்டும் பயன்படுத்தலாம்; 12 வயதுக்குக் கீழ் கைரேகை இல்லை.

இன்ஷூரன்ஸ் கட்டாயம். குறைந்தது 30,000 யூரோ, எல்லா ஷெங்கன் நாட்டுக்கும், தங்கும் நாட்கள் முழுவதற்கும், அவசர மருத்துவத்தோடு நாட்டுக்குத் திருப்பி அனுப்பும் செலவும் சேர்ந்திருக்க வேண்டும். டாலரில் எழுதிய பாலிசியை 30,000 என்ற எண்ணை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். நடைமுறையில் 50,000 டாலர் திட்டம் எடுத்துவிட்டால் இந்தச் சிக்கல் வராது.

எவ்வளவு பணம் காட்ட வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு வேறு. பிரான்ஸ், ஹோட்டல் புக்கிங் இருப்பவருக்கு ஒரு நாளைக்கு 65 யூரோ, புக்கிங் இல்லாதவருக்கு 120 யூரோ என்று கேட்கிறது. சுவிட்சர்லாந்து ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு 100 ஃபிராங்க் என்று கணக்கு வைக்கிறது. கணவனும் மனைவியும் 10 நாள் சுவிட்சர்லாந்து போனால் 2,000 ஃபிராங்க். இந்தத் தொகை கணக்கில் இருக்கிறதா என்பதோடு பார்வை நிற்பதில்லை, எப்படி வந்தது என்பதும் பார்க்கப்படும். விண்ணப்பத்துக்கு 10 நாள் முன்பு மச்சானிடம் 5 லட்சம் வாங்கிப் போட்டு, விசா வந்ததும் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் ஊரறிந்தது, தூதரகமும் அறிந்தது. மாதம் 45,000 சம்பளம் வந்து 40,000 வெளியே போகும் கணக்கில் திடீரென்று 5 லட்சம் நின்றால், அது உங்கள் பணம் இல்லை என்றே எழுதி வைத்த மாதிரி. உண்மையிலேயே நிலம் விற்ற பணம் என்றால் கிரயப் பத்திர நகலை வையுங்கள். அண்ணன் கொடுத்ததென்றால் அவர் கடிதமும் அவருடைய வங்கி ஸ்டேட்மென்ட்டும் வேண்டும். நிலையாக 3 லட்சம் இருக்கும் சேமிப்புக் கணக்கு, நேற்று முளைத்த 8 லட்சத்தை விட மேல்.

தமிழ்நாட்டு ஃபைல்களுக்கே உரிய தலைவலி ஒன்று உண்டு: இனிஷியல். வங்கியில் "எஸ். முருகன்", பாஸ்போர்ட்டில் "முருகன் சுப்பிரமணியன்", ஆதாரில் "முருகன் எஸ்". நமக்கு மூவரும் ஒரே ஆள். மாட்ரிட்டில் இருந்து வந்த அதிகாரிக்கு மூன்று பேர். பாஸ்போர்ட் நகலைக் கொடுத்து வங்கியின் கேஒய்சி பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி மாற்ற இரண்டு மாதம் முன்பே எழுதிக் கொடுங்கள். விண்ணப்பம், டிக்கெட், இன்ஷூரன்ஸ் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட் எழுத்துதான், ஓர் எழுத்தும் கூடாமல் குறையாமல். குடும்பப்பெயர் கட்டம் காலியாக உள்ள பாஸ்போர்ட் என்றால், விமான நிறுவனத்திடம் எப்படிப் பதிவது என்று கேட்டுவிட்டே டிக்கெட் எடுங்கள். மனைவி பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் இருந்தால் திருமணப் பதிவுச் சான்று அவசியம். பழைய சான்று தமிழில் மட்டும் இருந்தால் மொழிபெயர்ப்போடு வையுங்கள்.

உறவினர் வீட்டில் தங்குவதானால் கணக்கு மாறுகிறது. பாரிஸ் லா ஷப்பேல் பக்கம் சித்தப்பா இருக்கிறார், அவர் ஒரு மெயில் அனுப்பினால் போதும் என்று புதுச்சேரி, காரைக்கால் பக்கத்தில் பலர் நினைக்கிறார்கள். போதாது. அவர் தன் ஊர் மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், 'அத்தெஸ்தாசியோன் தக்கேய்' என்ற வரவேற்புச் சான்றைக் கட்டணம் கட்டி வாங்கி, அசலை இங்கே அனுப்ப வேண்டும். வீட்டு அளவும் வருமானமும் அங்கே பார்க்கப்படும். ஜெர்மனியில் உறவினர் செலவை ஏற்பதானால் அவர் ஊர் வெளிநாட்டினர் அலுவலகத்தில் 'ஃபெர்ப்ஃப்ளிஷ்டுங்ஸ்எர்க்லேருங்' என்ற உறுதிப் பத்திரம், 29 யூரோ. பெயரை வாயில் நுழைக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை, அசல் கையில் இருக்கட்டும். இரண்டுக்கும் அங்கே அப்பாயின்ட்மென்ட் தேவை. உங்கள் சென்னைத் தேதிக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே அவர்களைக் கிளப்பிவிடுங்கள்.

விசா வந்ததும் ஸ்டிக்கரைப் படியுங்கள். முதல் தேதி, கடைசித் தேதி, தங்கும் நாட்கள், நுழைவு எண்ணிக்கை என்று நான்கு விவரம். தேதி இடைவெளியில் 15 நாள் உபரி சேர்த்துக் கொடுப்பார்கள். 26 நாள் இடைவெளி தெரிந்தாலும் 'தங்கும் நாட்கள் 11' என்றால் 11 நாள்தான். இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் இரண்டும் கணக்கில் வரும், ஆகவே 10 இரவு என்பது 11 நாள். 2025 அக்டோபர் 12 அன்று தொடங்கிய மின்னணு நுழைவுப் பதிவு முறையில் முத்திரைக்குப் பதில் கணினியே நாளை எண்ணுகிறது. ஒரு நாள் கூடினாலும் பதிவாகும். இடையிடையே இட்டியாஸ் என்ற பெயரில் அனுமதி எடுத்துத் தருகிறோம் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அது விசா தேவைப்படாத நாட்டவருக்கான ஏற்பாடு, இந்திய பாஸ்போர்ட்டுக்குச் சம்பந்தமே இல்லை.

ஷெங்கனுக்கு ஆதரவாக ஒரு பெரிய விஷயம்: 2024 ஏப்ரல் 18 அன்று ஐரோப்பிய ஆணையம் இந்தியாவில் வசிக்கும் இந்தியர்களுக்குத் தனி ஏற்பாடு கொண்டுவந்தது. முந்தைய 3 ஆண்டுகளில் இரண்டு ஷெங்கன் விசா வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்தியவருக்கு 2 ஆண்டு மல்டிபிள் என்ட்ரி, அதாவது பலமுறை நுழையும் விசா, அதற்கடுத்து 5 ஆண்டு, பாஸ்போர்ட்டில் ஆயுள் இருந்தால். இரண்டு மூன்று முறை போகும் எண்ணமிருப்பவர் முதல் பயணத்தையே இதை மனதில் வைத்துச் சுத்தமாக முடிப்பது லாபம்.

லண்டன்: காகிதம் குறைவு, கேள்வி அதிகம்

பிரிட்டன் விசாவுக்கு இன்ஷூரன்ஸ் கட்டாயமில்லை, டிக்கெட் எடுத்துக் காட்டத் தேவையில்லை, ஒரு நாளைக்கு இவ்வளவு என்ற தொகையும் இல்லை. புகைப்படத்தை மையத்திலேயே எடுத்துக்கொள்கிறார்கள். இதைக் கேட்டு, சுலபம் என்று நினைக்கக் கூடாது. எல்லாமே ஒரே ஒரு கேள்வியில் போய் நிற்கிறது: இவர் உண்மையில் பார்க்கத்தான் வருகிறாரா, திரும்பிப் போவாரா? அந்தத் தீர்ப்பு அதிகாரியின் மதிப்பீடு. விசிட்டர் விசா மறுக்கப்பட்டால் வழக்கமான மேல்முறையீடு கிடையாது. காரணத்தைச் சரிசெய்து, பணம் கட்டி, மறுபடி விண்ணப்பிக்க வேண்டியதுதான்.

படிவத்தில் வருமானம், மாதச் செலவு, பயணத்துக்கு ஒதுக்கிய தொகை மூன்றையும் கேட்கிறார்கள். இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். மாத வருமானம் 60,000 ரூபாய், பயணச் செலவு 6 லட்சம், சேமிப்பு 6.5 லட்சம் என்று எழுதினால், வாழ்நாள் சேமிப்பை இரண்டு வார ஊர்சுற்றலில் கரைப்பவர் யார் என்ற சந்தேகம் வரத்தான் செய்யும். பயண நாளைக் குறைப்பது, அல்லது செலவை ஏற்கும் பிள்ளையின் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, குடியிருப்பு அனுமதி நகலோடு அதை வெளிப்படையாகச் சொல்வது நல்லது. ஆவணம் தமிழில் இருந்தால் மொழிபெயர்ப்பு வேண்டும். அதில் மூலத்துக்கு நேரானது என்ற உறுதி, தேதி, மொழிபெயர்ப்பாளரின் முழுப்பெயர், கையெழுத்து, தொடர்பு விவரம் இருக்க வேண்டும். பட்டா, சிட்டாவை மொழிபெயர்க்காமல் பத்துப் பக்கம் ஏற்றுவதால் பலனில்லை.

எந்த நாட்டிலாவது விசா மறுக்கப்பட்டதா என்று பிரிட்டன் படிவம் நேராகக் கேட்கும். ஷெங்கன் நிராகரிப்பை மறைத்து எழுதி அது பொய் என்று நிரூபணமானால் 10 ஆண்டு தடை. நிராகரிப்பே தடையாவதில்லை, மறைத்ததுதான் தடையாகிறது.

பயணத்துக்கு 3 மாதம் முன்பிருந்துதான் விண்ணப்பிக்க முடியும். கைரேகை கொடுத்த பின் வழக்கமாக 3 வாரம். மே 1 பயணத்துக்கு பிப்ரவரி 1 முதல் போடலாம். ஆவணங்களை நீங்களே ஏற்றினால் கூடுதல் கட்டணம் இல்லை, ஆனால் செல்போனில் சாய்வாக எடுத்த மங்கல் படங்களை ஏற்றாதீர்கள்.

லண்டன், பர்மிங்காம் பக்கம் பிள்ளைகள் இருக்கும் பெற்றோருக்கு 2 ஆண்டு விசா (2025 திருத்தப்படி 475 பவுண்டாக இருந்தது) நல்ல தேர்வு. ஒவ்வொரு முறையும் 6 மாதம்வரை தங்கலாம். ஆனால் 5 மாதம் அங்கே, 1 மாதம் இங்கே என்று மாறி மாறிப் போனால், விசிட்டர் விசாவில் குடியிருக்கிறார் என்று எழுதி நிறுத்துவார்கள். முதல் முறையே 5 ஆண்டு, 10 ஆண்டுக்குப் போடுவதும் வீண் சூதாட்டம். குறைந்த காலத்துக்குக் கொடுத்தால் மீதிப் பணம் வராது.

பேரனைப் பார்க்க இரண்டு மாதம் தங்க வேண்டிய பாட்டிக்குப் பிரிட்டன் விசா பொருந்தும். 10 நாளில் நான்கு நாடு பார்க்கும் குடும்பத்துக்கு அது பயன்படாது.

பால்கன்: அமெரிக்க விசா உள்ளவர்களுக்கு

சென்னை ஐடி குடும்பங்கள் பலவற்றில் 10 ஆண்டு அமெரிக்க பி1/பி2 (தொழில், சுற்றுலா) விசா பாஸ்போர்ட்டில் சும்மா இருக்கிறது. அது உயிரோடு இருந்தால் செர்பியாவில் 90 நாள், மான்டினீக்ரோவில் 30 நாள் தனி விசா இல்லாமல் தங்கலாம். அல்பேனியாவும் விடும், ஆனால் அந்த அமெரிக்க விசாவை ஒருமுறையாவது பயன்படுத்தி அங்கே போய் வந்திருக்க வேண்டும், அது மல்டிபிள் என்ட்ரியாகவும் இருக்க வேண்டும். துருக்கி 30 நாளுக்கு ஒருமுறை நுழையும் இ-விசா தருகிறது. ஷெங்கன், பிரிட்டன் விசா இருந்தாலும் இதே சலுகைகள் உண்டு. விண்ணப்பம், அப்பாயின்ட்மென்ட் என்று அலையாமல் பெல்கிரேட், கோட்டோர், திரானா என்று 12 நாள் போய்வரலாம். செலவும் சுவிட்சர்லாந்தோடு ஒப்பிட முடியாத அளவு குறைவு. இப்படி விசா வைத்திருப்பவர்கள் முதல் பயணத்துக்கு ஷெங்கன் வரிசையில் நிற்க வேண்டியதில்லை என்பதே எங்கள் கருத்து. ஈஃபில் கோபுரம்தான் வேண்டும் என்றால் அது வேறு விஷயம்.

எந்த விசாவும் இல்லாதவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம். செர்பியா இந்தியர்களுக்கு இருந்த விசா விலக்கை 2023 ஜனவரி 1 முதல் எடுத்துவிட்டது. பழைய வீடியோவைப் பார்த்து டிக்கெட் போட்டால் சென்னை செக்-இன் கவுண்டரிலேயே திருப்பிவிடுவார்கள். பழைய, ரத்தான பாஸ்போர்ட்டில் விசா இருந்தால் இரண்டு பாஸ்போர்ட்டையும் எடுத்துச் செல்லுங்கள். பெல்கிரேடுக்கு துபாய், தோஹா, இஸ்தான்புல் வழியாக டிக்கெட் எடுங்கள், வியன்னா, ஃப்ராங்க்ஃபர்ட் வழி வேண்டாம். சில ஷெங்கன் நாடுகள், விமான நிலையத்தில் விமானம் மாறுவதற்கே தேவைப்படும் டிரான்சிட் விசாப் பட்டியலில் இந்தியாவைச் சேர்ப்பதும் நீக்குவதுமாக இருக்கின்றன. இலங்கை பாஸ்போர்ட் என்றால் இன்னும் கவனம்: எல்லா ஷெங்கன் நாடுகளுக்கும் பொதுவான டிரான்சிட் பட்டியலிலேயே இலங்கை இருக்கிறது. கொழும்பிலிருந்து லண்டன் போக பாரிஸில் விமானம் மாறுபவரும், பிரிட்டன் விசா கையில் இருந்தாலும், டிரான்சிட் விசா தேவையா என்று பார்த்துவிட வேண்டும்.

இரண்டும் சேர்ந்தால்

லண்டனும் பாரிஸும் ஒரே பயணத்தில் வேண்டும் என்பவர்களுக்கு இரண்டு விசா. பிரிட்டன் 3 மாதத்துக்கு முன்புதான் திறக்கும் என்பதால், ஷெங்கனை முதலில் 5 மாதம் முன்பே வாங்கி, பாஸ்போர்ட் திரும்பியதும் பிரிட்டன் போடுவது வசதியான வரிசை. ஷெங்கன் முடிவு வரும்வரை பாஸ்போர்ட் அவர்களிடம் இருக்கும். பாரிஸ், லண்டன், மறுபடி ஆம்ஸ்டர்டாம் என்று திட்டம் போட்டால் ஷெங்கனுக்கு இரண்டு நுழைவு தேவை. விண்ணப்பத்தில் அதைக் குறிப்பிட்டு, பயணத் திட்டத்திலும் காட்டுங்கள். ஒற்றை நுழைவு வந்துவிட்டால் லண்டன் போகும் யூரோஸ்டார் ரயில் ஏறும்போது பாரிஸிலேயே வெளியேறியதாகப் பதிவாகும், ஆம்ஸ்டர்டாம் கதவு மூடிவிடும். இந்தச் சிக்கலைத் தவிர்க்க எளிய வழி, லண்டனில் இறங்கி அதை முதலில் முடித்துவிட்டு, யூரோஸ்டாரில் பாரிஸ் போய், ஷெங்கனுக்குள்ளேயே சுற்றி, அங்கிருந்தே ஊர் திரும்புவது. ஒற்றை நுழைவே போதும்.

கிளம்பும் நாளில் ஹோட்டல் புக்கிங், திரும்பும் டிக்கெட், இன்ஷூரன்ஸ், வேலை செய்யும் இடத்தின் விடுப்புக் கடிதம் நான்கையும் அச்சடித்துக் கைப்பையில் வையுங்கள், செக்-இன் பெட்டியில் அல்ல. அப்பா வராமல் அம்மாவும் பிள்ளைகளும் மட்டும் போவதானால், அப்பாவின் சம்மதக் கடிதத்தின் நோட்டரி அசலும் அதே பையில் இருக்க வேண்டும்.